கணையத்தை உள்ளிருந்து பார்ப்பது: எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கணையம் வெளியிலிருந்து எளிதில் அகப்படும் உறுப்பு அன்று. இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்புக்கு முன்னால், ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில் அது குறுக்காகக் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைந்து அணைத்திருக்க, வால்பகுதி இடப்புறம் மண்ணீரல் வரை நீள்கிறது. வயிற்றின்மேல் ஜெல் தடவி எடுக்கும் வழக்கமான ஸ்கேனில், ஒலியலைகள் தோல், கொழுப்பு, இரைப்பை, குடல் ஆகிய அத்தனையையும் கடந்து அதைச் சென்றடைய வேண்டும். இடையில் காற்று இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். 'குடல் வாயு காரணமாகக் கணையம் தெளிவாகத் தெரியவில்லை' என்ற வரியைத் தங்கள் ஸ்கேன் அறிக்கையில் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். அது ஸ்கேன் எடுத்தவரின் குறையன்று. உறுப்பு இருக்கும் இடம் அப்படி.

இ.யு.எஸ். என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகிறது. வாய் வழியாகச் செலுத்தப்படும் எண்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயின் முனையிலேயே ஒலியலைக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது இரைப்பையின் பின்சுவரில் ஒட்டி நின்றதும், கணையத்துக்கும் கருவிக்கும் இடையில் எஞ்சியிருப்பது மெல்லிய இரைப்பைச் சுவர் மட்டுமே. தூரம் குறைந்துவிட்டதால் அதிக அதிர்வெண்ணில் பார்க்கலாம்: வெளியிலிருந்து எடுக்கும் வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் இயங்க, இது 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அதிர்வெண் கூடினால் அலை ஆழமாகப் போகாது. ஆனால் அருகில் இருப்பதைச் சில மில்லிமீட்டர் அளவு நுணுக்கமாகக் காட்டும். 1980ஆம் ஆண்டு இந்தக் கருவியைப் பற்றிய முதல் அறிக்கைகள் வெளிவந்தபோது இது பார்ப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. 1992இல், இதன் வழியாகவே ஊசி செலுத்திக் கணையத்திலிருந்து செல்களை எடுத்த செய்தி டென்மார்க்கிலிருந்து வெளியானது. இன்று இந்தப் பரிசோதனைக்கு இருக்கும் மதிப்பில் பெரும்பங்கு அந்த ஊசியால் வந்தது.

எந்தக் கேள்விக்காக இந்தப் பரிசோதனை?

பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தவுடன் பெரும்பாலோர் முதலில் கேட்பது 'வலிக்குமா?' என்பதுதான். அதற்கு விடை கீழே வருகிறது. அதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்கவேண்டியது, 'இதைச் செய்து எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறீர்கள், விடை எப்படி வந்தாலும் அடுத்து என்ன மாறும்?' என்பதாகும். இந்த ஒரு கேள்வி தெளிவாகிவிட்டால், தயாரிப்பு, ஊசி தேவையா இல்லையா என்பது, அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பது எல்லாமே ஒழுங்குக்கு வந்துவிடும். தெளிவாகாவிட்டால், கையில் நான்கு பக்க அறிக்கை இருந்தும் ஒன்றும் விளங்காது.

பொதுவாக வரும் கேள்விகள் சிலவே. சி.டி. ஸ்கேனில் ஒரு கட்டி இருப்பதாகச் சந்தேகம் எழுந்திருக்கலாம். அல்லது கட்டி எதுவும் தெரியாமல், கணைய நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான கணைய நாளம் மட்டும் ஓரிடம் வரை விரிந்து, அங்கே சட்டென்று நின்றுபோயிருக்கலாம். அப்படி நிற்கும் இடத்தில் 2 செ.மீ.க்கும் குறைவான கட்டி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதில் இ.யு.எஸ்., சி.டி. ஸ்கேனை விட நுட்பமானது. ரத்தத்தில் சர்க்கரையைத் திடீரெனக் கீழே இறக்கும் இன்சுலினோமா போன்ற, ஹார்மோன் சுரக்கும் மிகச் சிறிய கட்டிகளைத் தேடவும் இதையே நாடுகிறார்கள்.

வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட கணைய நீர்க்கட்டி, இரண்டாவது பெரிய காரணம். வயது ஏற ஏற இத்தகைய நீர்க்கட்டிகள் பலருக்கும் தென்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. எது வெறுமனே கண்காணித்தால் போதுமானது, எது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது என்று பிரித்தறிவதே இங்கே கேள்வி.

மூன்றாவது, காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் வரும் கணைய அழற்சி. மதுப்பழக்கம் இல்லை, ரத்தத்தில் கால்சியமும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் சரியாக உள்ளன, வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல் இல்லை என்று சொல்லப்பட்டவருக்கு, இ.யு.எஸ். செய்யும்போது பித்தப்பையிலோ பித்தநாளத்தின் அடிப்பகுதியிலோ மணல் போன்ற நுண்கற்கள் தெரியவருவது அரிதன்று. ஆனால் அழற்சி தணியாத நேரத்தில் பார்த்தால் வீங்கிய கணையம் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். ஒரு சிறு கட்டி அதில் மறைந்துபோகவும் கூடும். அதனால்தான் அவசரம் எதுவும் இல்லாவிட்டால் சில வாரங்கள் கழித்து வரச் சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்பை அலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இவை தவிர, நாள்பட்ட கணைய அழற்சியின் தொடக்க நிலையைக் கண்டறியவும், நெருங்கிய உறவினர்களில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்குக் கணையப் புற்றுநோய் வந்த குடும்பத்தினரையும் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உடையவர்களையும் ஆண்டுதோறும் கண்காணிக்கவும் இது பயன்படுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு சேர்த்தோ மாற்றி மாற்றியோ அந்தக் கண்காணிப்பு நடக்கும். நோய் எதுவும் இல்லாத, அபாயக் காரணமும் இல்லாத ஒருவர், 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று செய்துகொள்ளும் பரிசோதனை இது அன்று.

இ.யு.எஸ்.ஸால் முடியாதவையும் உண்டு. நோய் கல்லீரல் முழுவதிலும் நுரையீரலிலும் பரவியிருக்கிறதா என்பதை இது சொல்லாது, அதற்கு சி.டி. ஸ்கேன்தான். கணைய நாளத்தின் முழு வரைபடத்தையும் கிளைகளையும் எம்.ஆர்.ஐ. ஒரே படத்தில் காட்டும். ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. வரிசை மட்டும் முக்கியம்: மஞ்சள் காமாலைக்காகப் பித்தநாளத்தில் குழாய் வைக்கும் திட்டம் இருந்தால், இயன்றவரை அதற்கு முன்பே இ.யு.எஸ்.ஸை முடித்துக்கொள்வது நல்லது. வைத்த குழாயின் நிழல் கணையத் தலைப்பகுதியின் மேல் விழுந்து கட்டியின் விளிம்புகளை மறைத்துவிடும். காய்ச்சலோடு பித்தநாளத்தில் தொற்று இருந்தால் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, குழாய்தான் முதலில்.

முந்தைய நாட்களில் செய்யவேண்டியவை

முன்பு எடுத்த சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களின் அறிக்கையை மட்டுமன்றிப் படங்கள் அடங்கிய வட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பரிசோதிக்கும் மருத்துவர் எந்த இடத்தைக் குறிவைத்துத் தேடவேண்டும் என்பதை அந்தப் படங்களே சொல்கின்றன.

உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளே. வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் என்றால் இவற்றை நிறுத்தவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஊசி செலுத்துவதாக இருந்தால் வார்ஃபரின் சுமார் 5 நாட்களும், கிளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாட்களும் முன்னதாக நிறுத்தப்படுவது வழக்கம். புதிய வகை மாத்திரைகளுக்கு அதைவிடக் குறைந்த இடைவெளியே போதும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். இந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். இதயத்தில் சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர், செயற்கை வால்வு பொருத்தியவர் ஆகியோருக்கு மருந்தை நிறுத்துவதால் வரும் ஆபத்து, ஊசியால் வரும் ரத்தக்கசிவைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த முடிவை இதய மருத்துவரும் பரிசோதனை செய்பவரும் பேசித்தான் எடுக்கவேண்டும்.

சர்க்கரை நோயாளிகள், உணவில்லாத காலையில் இன்சுலினையும் மாத்திரையையும் எப்படிக் குறைப்பது என்று முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உடல் எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் சில ஊசிமருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரைப்பையிலோ குடலிலோ முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அது இன்னும் முக்கியம். உடல் எடைக் குறைப்புக்கான பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு, கணையத் தலைப்பகுதியைப் பார்க்கும் வழியே மாறிப்போயிருக்கும்.

திட உணவு குறைந்தது 6 மணி நேரம், பெரும்பாலான இடங்களில் 8 மணி நேரம் நிறுத்தப்படும். தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்பு வரை அருந்தலாம் என்பது பொது விதி. உங்களுக்குச் சொல்லப்பட்ட நேரம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரைப்பையில் உணவு இருந்தால் படம் கெடும் என்பது சிறிய இடைஞ்சல். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதுதான் உண்மையான அச்சம். செயற்கைப் பற்கள், கண்ணாடி, நகைகளைக் கழற்றி வைக்கவேண்டும். திரும்ப அழைத்துச் செல்ல ஒருவர் உடன் வரவேண்டும்.

பரிசோதனை அறைக்குள்

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். பற்களுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைக்கப்படும். மூக்கில் ஆக்சிஜன், விரலில் நாடித்துடிப்புக் கருவி, கையில் மருந்து செலுத்தும் ஊசி. மயக்க மருந்து ஏறிய சில நொடிகளில் உறக்கம் வந்துவிடும் என்பதால், 'வலிக்குமா?' என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலோருக்கு எதுவும் நினைவிலேயே இருப்பதில்லை என்பதே. இந்த எண்டோஸ்கோப் சாதாரண எண்டோஸ்கோப்பை விடச் சற்றுத் தடிமனானது. முனைப்பகுதி வளையாமல் விறைப்பாக இருக்கும். பார்வையும் நேராக முன்னோக்கி அல்லாமல் சரிவாகத்தான் இருக்கும். அதனால்தான் தொண்டையைக் கடக்கும் இடத்திலும், முன்சிறுகுடலின் முதல் வளைவைத் திரும்பும் இடத்திலும் மருத்துவர் நிதானமாகச் செல்கிறார். பார்ப்பதற்கு மட்டும் என்றால் அரை மணி நேரம் போலவும், ஊசி எடுத்தால் ஒரு மணி நேரம் வரையும் ஆகலாம்.

நீங்கள் உறங்கிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் திரையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால், அறிக்கையில் உள்ள பாதிச் சொற்கள் தாமாகவே விளங்கும். உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில், மருத்துவர் முதலில் தேடுவது கணையத்தை அல்ல, பெருந்தமனியை. திரையின் குறுக்கே ஓடும் தடித்த கருங்குழாய் அது. அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் அதிலிருந்து முதலில் ஒரு கிளையும், அடுத்து இன்னொரு கிளையும் பிரியும். இரண்டாவது கிளையைத் தாண்டிய இடத்தில் மண்ணீரல் சிரை தென்படும். அதன்மேல் சாய்ந்தாற்போல் இருப்பதே கணையத்தின் உடற்பகுதி. உப்பும் மிளகுத்தூளும் கலந்து தூவியதுபோல் வெள்ளையும் கருமையுமாகச் சிறு புள்ளிகள் சீராகப் பரவியிருந்தால் அது இயல்பான கணையம். நடுவில் ஒரு மெல்லிய கருங்கோடு ஓடும்; அதுவே கணைய நாளம். சிரையைத் தொடர்ந்து இடப்புறம் போனால் இடது சிறுநீரகம், மண்ணீரல், அவற்றுக்கிடையே கணையத்தின் வால்.

பிறகு எண்டோஸ்கோப் இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலின் தொடக்கத்தில் நிற்கிறது. அங்கே பித்தநாளம், கணைய நாளம், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை ஆகிய மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் திரையில் தெரியும் ஒரு கோணம் உண்டு. இன்னும் கீழே இறங்கினால் பித்தமும் கணைய நீரும் குடலுக்குள் திறக்கும் சிறு முகப்பும், அதன் பின்னால் கொக்கிபோல் வளைந்த கணையத்தின் அடித்தலைப் பகுதியும் வருகின்றன. இந்தக் கடைசி இடத்தை ஒழுங்காகப் பார்ப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும். அறிக்கையில் கணையத்தின் எல்லாப் பகுதிகளும் பார்க்கப்பட்டனவா, ஏதேனும் விடுபட்டதா என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். 'இயல்பாக உள்ளது' என்ற சொல் பார்த்த பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

ஊசி

ஊசி செலுத்தலாமா என்பதை, முதலில் முழுவதும் பார்த்து முடித்த பிறகே முடிவு செய்வார்கள். எண்டோஸ்கோப்பின் உள்ளே ஒரு வழியில் ஊசி இறங்கி, இரைப்பைச் சுவரையோ குடற்சுவரையோ துளைத்துக்கொண்டு கட்டிக்குள் நுழைகிறது. திரையில் அது ஒரு வெள்ளை இழையாகத் தெரியும். வழியில் ரத்தக்குழாய் இல்லை என்பதை, ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் மூலம் உறுதிசெய்த பிறகே அது முன்னேறுகிறது. 25, 22, 19 என்று ஊசிகளுக்கு எண் உண்டு. எண் கூடினால் ஊசி மெல்லியது. தனித்தனிச் செல்களை மட்டும் எடுக்கும் பழைய ஊசியோடு, முனையில் பற்கள் அமைந்து, திசுவை ஒரு சிறு இழையாகவே வெட்டி எடுக்கும் புதிய ஊசிகளும் இப்போது பரவலாக வந்துவிட்டன. கட்டிக்குள் ஊசியை முன்னும் பின்னும் பலமுறை அசைத்து, ஒவ்வொரு முறையும் கோணத்தைச் சற்று மாற்றி, வெவ்வேறு இடங்களிலிருந்து எடுப்பார்கள். கணையப் புற்றுநோய்க் கட்டியில் நார்த்திசு மிகுதி, நோய்ச்செல்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் என்பதே இதற்குக் காரணம்.

இந்தக் காரணத்தால்தான் ஒன்றை மறக்கக் கூடாது. ஊசியில் புற்றுநோய்ச் செல் கிடைத்தால் அந்த முடிவு ஏறக்குறைய எப்போதும் சரியாகவே இருக்கும். கிடைக்காவிட்டால், நோய் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. தேர்ந்த கைகளிலும் பத்தில் ஒன்று போலத் தவறிப்போகும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வலுவான சந்தேகத்தைக் காட்டும்போது ஊசி வெறுமையாக வந்தால், மறுமுறை எடுப்பதோ நேரடியாக அறுவைக்குச் செல்வதோ மருத்துவர் முன்வைக்கும் வழியாக இருக்கும். அறுவை செய்து அகற்றக்கூடிய நிலையில் உள்ள, ஐயத்துக்கு இடமில்லாத கட்டிக்கு முன்கூட்டியே ஊசி தேவைப்படாமலும் போகலாம். கீமோதெரபி தொடங்குவதாக இருந்தால் திசுச் சான்று கட்டாயம். கணையத்தைக் கட்டிபோல் வீங்கச் செய்து புற்றுநோய் என்று ஏமாற்றும் தன்னெதிர்ப்பு அழற்சி (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தைத் தாக்குவது) ஒன்று உண்டு. அது ஸ்டீராய்டு மாத்திரைக்கே கரைந்துவிடும் என்பதால், அறுவைக்கு முன் அதை நினைத்துப் பார்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

நீர்க்கட்டியாக இருந்தால் ஊசி வழியே நீரை உறிஞ்சி ஆய்வுக்கு அனுப்புவார்கள். அதில் சி.இ.ஏ. என்னும் புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால், புற்றாக மாறும் வாய்ப்புள்ள சளி சுரக்கும் வகை என்ற எண்ணம் வலுப்படும். எனினும் அந்த அளவு எவ்வளவு கூடியிருக்கிறது என்பது புற்று வந்துவிட்டதா என்பதைச் சொல்லாது. நீரில் குளுகோஸ் மிகக் குறைவாக இருப்பதும் அதே வகையைச் சுட்டும். அமைலேஸ் என்னும் கணைய நொதி மிகக் குறைவாக இருந்தால், அது அழற்சிக்குப் பின் உருவான போலி நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்பில்லை.

முடிந்த பிறகு

ஒன்றிரண்டு மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். தொண்டைக் கரகரப்பும் வயிறு உப்பலும் ஒரு நாளில் சரியாகிவிடும். அன்று முழுவதும் வண்டி ஓட்டுவதோ முக்கியமான பத்திரங்களில் கையெழுத்திடுவதோ கூடாது. மருத்துவர் சொன்னவை மயக்கத்தின் மிச்சத்தில் மறந்துபோகும் என்பதால், உடன் வந்தவர் அருகில் இருந்து கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

வெறும் பார்வைப் பரிசோதனையில் ஆபத்து மிக அரிது. ஊசி எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவில் கணைய அழற்சி, ரத்தக்கசிவு, தொற்று ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வரலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி, குளிருடன் காய்ச்சல், தார் போன்ற கருமலம், நெஞ்சுவலி, கழுத்தில் வீக்கம் ஆகியவற்றுள் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும். ஊசி எடுத்த விவரத்தை அங்கே முதலிலேயே சொல்லவேண்டும்.

அறிக்கையைப் படிக்கும்போது

படத்தைப் பற்றிய அறிக்கை அன்றே கிடைக்கும். திசு ஆய்வு முடிவு சில நாட்கள் கழித்து வரும். இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். 'எதிரொலி குறைந்த பகுதி' என்றால் சுற்றியிருக்கும் திசுவை விடத் திரையில் கருமையாகத் தெரிந்தது என்று மட்டுமே பொருள். புற்றுநோய்க் கட்டி அப்படித் தெரியும். அழற்சியின் திட்டும் அப்படியே தெரியும். இந்தச் சொல்லைக் கண்டதுமே அஞ்சவேண்டியதில்லை.

கணைய நாளத்தின் அகலம் தலையில் சுமார் 3 மி.மீ., உடலில் 2, வாலில் 1 என்பது இயல்பு. முதியவர்களுக்குச் சற்றுக் கூடும். நாளத்தோடு தொடர்புள்ள சளி நீர்க்கட்டிகளைப் பொறுத்தவரை, முக்கிய நாளம் 5 மி.மீ. தாண்டுவதும், நீர்க்கட்டி 3 செ.மீ. எட்டுவதும், உட்சுவரில் முடிச்சு தோன்றுவதும் கவலைக்குரிய அறிகுறிகள். நாளம் 10 மி.மீ. ஆகிவிட்டால் அறுவையைப் பற்றிப் பேசும் கட்டம் வந்துவிட்டது.

நாள்பட்ட அழற்சிக்கு ஒற்றை அடையாளம் கிடையாது. வெண்புள்ளிகள், வெண்கோடுகள், தேன்கூடுபோல் பிரிந்த மடல்கள், நாளத்தின் தடித்த ஓரம், விரிந்த பக்கக் கிளைகள், கற்கள் என்று பல குறிகளை எண்ணிப் பார்க்கிறார்கள். 2009இல் வெளியான ரோஸ்மாண்ட் வரையறை இவற்றுள் எது பெரிய குறி, எது சிறிய குறி என்று எடை போட்டது. நாளத்துக்குள் கல் இருப்பது வலுவான சான்று. இரண்டு மூன்று வெண்கோடுகள் மட்டும் இருப்பது முதுமையாலும், புகைபிடிப்பதாலும், மதுவாலும் வரக்கூடும். ஒரே படத்தை இரு வல்லுநர்கள் வேறுவேறாக எண்ணுவதும் உண்டு. வலியும் செரிமானக் குறையும் இல்லாத ஒருவருக்கு இந்த மெல்லிய குறிகளை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சூட்டுவது சரியன்று என்பதே என் கருத்து.

அடுத்த பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தால், இம்முறை எழுதிய மில்லிமீட்டர் அளவுகளையும், எந்த இடத்தில் நின்று அளந்தார்கள் என்பதையும், ஊசி எத்தனை முறை செலுத்தப்பட்டது என்பதையும் தனித் தாளில் குறித்து, படங்களோடு சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் 18 மி.மீ. என்று அளக்கும்போது, முன்பு இருந்தது 12ஆ 17ஆ என்பதைப் பொறுத்தே அவருடைய அடுத்த முடிவு அமையும்.